குளக்கரையில் சக்கரக் கதிரைக்கும் ஒரு இடம்: நன்கொடை வேண்டுகோள்

அன்பான உறவுகளே,

போன கோடையில் எங்கள் தூண்டில் கழகத்தின் குளத்தில் குடும்ப நாள் வைத்தோம், வந்தவர்களுக்கு நினைவிருக்கும். விடிய ஆறு மணிக்கே தேத்தண்ணிப் போத்தலோடு வந்து இடம் பிடித்தவர்கள், பாண் துண்டை உருட்டிக் கொக்கியில் குத்தப் பழகிய பிள்ளைகள், முதல் ரோச் மீன் தூண்டில் மிதப்பைத் தண்ணீருக்குள் இழுத்தபோது எழும்பிய சத்தம், எல்லாம் சேர்ந்து நல்ல நாள். ஆனால் ஒரு விஷயம் எங்கள் குழுவை இன்னும் உறுத்துகிறது. கிளிநொச்சி இரணைமடுக் குளத்தில் விரால் பிடித்து வளர்ந்த ஒரு ஐயா, பக்கவாதத்துக்குப் பிறகு சக்கரக் கதிரையில் இருப்பவர். மகள் இரண்டு மணித்தியாலம் கார் ஓட்டிக் கூட்டிவந்தார். முதல்நாள் இரவு பெய்த மழையில் கரை சேறாகிக் கிடந்தது. கதிரையின் சில்லு புதைந்துவிட்டது. நான்கு பேர் தூக்கினோம், ஆனால் அந்தச் சரிவில் கதிரையை நிறுத்தப் பயமாக இருந்தது. கடைசியில் இருபது அடி தள்ளிப் புல்லில் இருந்து, மற்றவர்கள் பிடிப்பதைப் பார்த்துவிட்டுப் போனார். ஒரு சொல் குறை சொல்லவில்லை.

அதுதான் இந்தக் கடிதம். இங்கே ஒருவர் இருந்து மீன் பிடிக்கும் இடத்தை ‘பெக்’ என்பார்கள். அதில் ஒன்றையாவது சக்கரக் கதிரை வந்து திரும்பக்கூடிய அகலமான மேடையாகக் கட்ட வேண்டும்: வழுக்காத தளம், சில்லு தண்ணீர்ப் பக்கம் உருளாதபடி விளிம்பில் தடுப்பு, வாகனத் தரிப்பிடத்திலிருந்து அதுவரை இறுக்கிய சரளைப் பாதை. மரத்துக்குப் பதிலாக மீள்சுழற்சிப் பிளாஸ்டிக் பலகை போட நினைக்கிறோம், விலை கூடத்தான், ஆனால் ஈரத்தில் உக்காது. மொத்தச் செலவு 5,200 பவுண்டு. பாதியைக் கழகம் தருகிறது. மீதி 2,600 பவுண்டை ஒக்டோபர் முடிவதற்குள் சேர்க்க வேண்டும், ஏனென்றால் வேலை குளிர்காலத்தில்தான் நடக்க முடியும். மார்ச் வந்தால் நாணல்கரையில் பறவைகள் கூடு கட்டத் தொடங்கிவிடும், அப்புறம் தண்ணீர் சூடாகும்போது கார்ப், டென்ச் மீன்கள் முட்டையிட வரும், அந்த நேரத்தில் கரையைக் கிளறக் கூடாது.

சிலர் நேரடியாகவே கேட்டார்கள், பிடித்த மீனைச் சமைக்கக்கூட விடாத குளத்துக்கு ஏன் காசு என்று. நியாயமான கேள்வி. எங்கள் ஊரில் பிடித்தால் அன்றைக்கே குழம்பு. இங்கே கழக விதிப்படி எல்லா மீனும் திரும்பத் தண்ணீருக்குத்தான். கையை நனைத்து, ஈரப் பாயில் கிடத்தி, முள்ளில்லாத கொக்கியைக் கழற்றி, மெதுவாக விட வேண்டும், மீனின் மேல் உள்ள வழுவழுப்பு உரிந்தால் அதற்கு நோய் வரும். கார்ப் நீண்ட காலம் வாழும் மீன். 1952இல் இங்கிலாந்தின் ரெட்மயர் குளத்தில் ரிச்சர்ட் வாக்கர் என்ற தூண்டில்காரர் பிடித்த 44 இறாத்தல் கார்ப், லண்டன் மிருகக்காட்சிச்சாலையில் 1971 வரை உயிரோடு இருந்தது. இன்றைக்கு உங்கள் பிள்ளை பிடித்து விடும் மீனை அவர் வளர்ந்து தன் பிள்ளையோடு வந்து திரும்பவும் பிடிக்கலாம். எனக்கு இது குழம்பை விடப் பெரிதாகத்தான் தெரிகிறது.

அடுத்த குடும்ப நாளை ஜூன் கடைசியில் வைக்கிறோம். இங்கிலாந்துச் சட்டப்படி 13 வயதிலிருந்து மீன் பிடிக்கும் எல்லோருக்கும் தூண்டில் உரிமம் வேண்டும். 13 முதல் 16 வரை இலவசம், ஆனாலும் எடுத்தே ஆக வேண்டும். 66 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கும் புளூ பேட்ஜ் (உடல் இயலாதவர்களுக்கான வாகனத் தரிப்பு அட்டை) உள்ளவர்களுக்கும் வருட உரிமத்தில் சலுகை உண்டு. விண்ணப்பிக்கத் தெரியாவிட்டால் நாங்கள் செய்து தருகிறோம்.

ஐந்து பவுண்டு என்றாலும் சரி, தாருங்கள். குழுப் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள், வந்த காசும் செலவும் கழக அறைப் பலகையில் மாதாமாதம் ஒட்டப்படும். மிஞ்சினால் இரண்டு வலைகளும் மீன் கிடத்தும் பாய்களும் வாங்குவோம். காசு தர முடியாதவர்கள் நவம்பரில் சரளை அள்ள ஒரு சனிக்கிழமை வந்தால் போதும், மண்வெட்டி எங்களிடம் இருக்கிறது. அந்த ஐயாவின் மகளிடம் ஏற்கெனவே பேசிவிட்டோம், முதல் நாள் அந்த மேடை அவருக்குத்தான்.

அன்புடன்,
குடும்ப நாள் ஏற்பாட்டுக் குழு