எரிமலைக் குழம்பு அல்ல, கடலடி வண்டல்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் சண்டூர் மலைகளைப் பற்றி வந்த பயணக் கட்டுரையை ஆசையோடுதான் படிக்கத் தொடங்கினேன். 'எரிமலைக் குழம்பு இறுகி இரும்பு மலையான இடம்' என்ற வரிக்கு மேல் என்னால் போக முடியவில்லை. பெல்லாரிச் சீமையின் அந்த மலைகளில் 22 ஆண்டுகள் துளையிடும் இயந்திரத்தோடு காலம் கழித்தவன் நான்.

துளையிலிருந்து வரும் உருளைக் கற்களைப் பெட்டியில் வரிசையாக அடுக்குவோம். தண்ணீர் தெளித்துத் துடைத்தால் கறுப்பு, சிவப்பு, மறுபடியும் கறுப்பு என்று புடவைக் கரை போல வரி வரியாகத் தெரியும். கறுப்பு இரும்பு, சிவப்பு மணலின் மூலப்பொருளான சிலிக்கா. உறைந்த குழம்பில் இப்படி வரி விழுமா? ஏறத்தாழ 270 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆக்சிஜன் அநேகமாக இல்லாத கடலில் கரைந்திருந்த இரும்பு அடியில் படிந்த வண்டல் அது. அந்த இரும்பைக் கடலடி வெந்நீர் ஊற்றுகள் கொண்டுவந்தன என்பதற்குச் சாட்சி கல்லுக்குள்ளேயே இருக்கிறது: அருமண் தனிமங்கள் என்ற உலோகக் கூட்டத்தில் யூரோப்பியம் மட்டும் மிகுந்து நிற்கும். எரிமலைப் பாறைகளும் அதே சிஸ்ட் பட்டையில், அதாவது அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் உருமாறிய பாறைகளின் நீண்ட வரிசையில், உண்டு, மறுக்கவில்லை. கட்டுரையாளர் அங்கேதான் தடுமாறியிருக்கிறார். ஆனால் பக்கத்தில் கிடக்கும் பாறை வேறு, தாது வேறு.

படிந்தபோது அதில் இரும்பு முப்பது சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது. பல யுகங்களாக இறங்கிய மழைநீர் சிலிக்காவைக் கரைத்துக் கொண்டுபோனதால்தான் அறுபதுக்கு மேல் ஏறியது. எங்கள் ஆட்கள் 'ப்ளூ டஸ்ட்' என்று சொல்லும் தூள் தாது அப்படி விளைந்ததுதான். கையில் அள்ளினால் மாவு போல நழுவும். கனமோ ஈயம் போல.

இது முதல் முறையும் அல்ல. இரண்டு ஆண்டுகளுக்கு முன் குதிரேமுக் படத்தைப் போட்டு 'பெல்லாரி சுரங்கம்' என்று எழுதினீர்கள். குதிரேமுக் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது. 2005 முடிவோடு அங்கே சுரங்க வேலையும் நின்றுவிட்டது. கடிதம் எழுதினேன், பதில் வரவில்லை. பிறகு வந்த சேலம் சிறப்பிதழில் கஞ்சமலைத் தாதும் சண்டூர்த் தாதும் ஒன்று என்றீர்கள். கஞ்சமலைக் கல் மேக்னடைட் என்ற இரும்புத் தாது, காந்தம் பாய்ந்து ஒட்டும். உடைந்த ஓட்டின் பின்புறத்தில் தேய்த்தால் கருங்கோடு விழும்; சண்டூர்த் தாதான ஹேமடைட் செங்கோடு இழுக்கும். நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட்டைப் பற்றிய கட்டுரையில் 1863-இல் பல்லாவரத்தில் கிடைத்த கற்கருவியோடு முடித்துக்கொண்டீர்கள். சண்டூர் மலைகளின் இந்தப் பாறைத் தொகுதிக்குத் தார்வார் என்று பெயர் வைத்தவரும் அவர்தான் என்பதற்கு ஒரு வரி கூடவா இடமில்லை?

அச்சில் வந்த ஒரு வரி எவ்வளவு தூரம் போகும் என்பது தங்களுக்குத் தெரியாதது அல்ல. என் பேரன் அந்த 'எரிமலைக் குழம்பு' வரியை அப்படியே பள்ளிக் கட்டுரையில் எழுதியிருக்கிறான். நான் திருத்தினால், "பத்திரிகையிலேயே போட்டிருக்கிறதே தாத்தா" என்கிறான். என் 22 ஆண்டுகளை விடத் தங்கள் ஒரு வரியை அவன் நம்புகிறான் ஐயா.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போட்டால் போதும். என் மேசைமேல் உள்ள வரிக்கல்லைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். பார்த்துவிட்டுத் தயவுசெய்து திருப்பி அனுப்பிவிடுங்கள்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓசூர்