அறையின் மூலையில் ஒரு கோடு

அன்புள்ள மலருக்கு,

நலம். பாட்டியின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததாக அம்மா தொலைபேசியில் சொன்னார், மகிழ்ச்சி. பொங்கலுக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை என்று நீ கோபித்திருப்பாய். பச்சை மை விவகாரத்துக்குப் பிறகு நீ என்னோடு பேசாமலிருந்த காலத்தை நினைத்துக்கொள், கோபம் தணிந்துவிடும்.

எங்கள் பொறியியல் கல்லூரியில் முதல் பருவத் தேர்வு முடிவுகள் வந்துவிட்டன. நான் எல்லாப் பாடங்களிலும் தேறிவிட்டேன். என் அறைத்தோழிக்குக் கணக்கில் அரியர், தேறாததால் மறுபடியும் எழுத வேண்டும். அதைப் பற்றித்தான் உனக்கு எழுத வேண்டும். கணக்கையே பாடமாக எடுத்துப் படிக்கும் உன்னைத் தவிர வேறு யாரிடமும் இதை முழுமையாகச் சொல்ல முடியாது.

அவள் திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் அரசுப் பள்ளியில் முதலாவதாக வந்தவள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காட்டு இடஒதுக்கீட்டில் சிவில் பிரிவில் சேர்ந்தவள். கட்டணம் முழுவதையும் அரசு ஏற்கிறது. ஊரில் அவளை வழியனுப்ப ஒரு தெருவே பேருந்து நிறுத்தத்துக்கு வந்ததாம். முடிவு வந்த இரவு அவள் அழவில்லை. பெட்டியை எடுத்துத் துணிகளை மடித்து வைக்கத் தொடங்கினாள். "எனக்கு இது வராது, நான் ஊருக்கே போய்விடுகிறேன்" என்று மிகவும் அமைதியாகச் சொன்னாள்.

அவளுக்கு அறிவு குறைவென்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். நாம் பிளஸ் டூ படித்த விதத்தை எண்ணிப் பார். ஒரே புத்தகத்தை ஆண்டு முழுவதும் படித்தோம். பயிற்சிக் கணக்குகளைத் திரும்பத் திரும்பப் போட்டோம். திருப்புதல் தேர்வுகளை எழுதி எழுதி, எந்த வினா எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது விரலுக்கே தெரிந்திருந்தது. இங்கே எண்களைக் கட்டமாக அடுக்கும் அணிகளும் நுண்கணிதமும் சேர்ந்து ஒரே பருவத்தில் முடிந்துவிடுகின்றன. ஓர் அணியின் ஐகன் மதிப்பு என்றால் என்ன என்று மனம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஆசிரியர் கெய்லி–ஹாமில்டன் தேற்றத்தைக் கூறி, ஒரு கணக்கைப் போட்டுக் காட்டி, அடுத்த அலகுக்குப் போய்விடுகிறார். அதுவும் ஆங்கிலத்தில், கரும்பலகையைப் பார்த்தபடியே. பன்னிரண்டு ஆண்டுகள் தமிழில் படித்த பெண் எழுந்து நின்று ஐயம் கேட்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பது அந்த வகுப்பறையில் யாருக்கும் தோன்றுவதில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரமாக வருகிறது. அவளிடம் ஒருவர்கூட "புரிகிறதா அம்மா" என்று தனியே கேட்கவில்லை.

இந்தப் பருவத்தில் எங்களுக்குப் பொறியியல் வரைபடப் பாடம். சீனியர்களிடம் பாதி விலைக்கு வாங்கிய, கோடு வரையும் கருவியான டிராஃப்டரைப் பலகையில் பூட்டி, பெரிய தாளை ஒட்டி, 2எச் பென்சிலால் வரைய வேண்டும். எல்லாரும் அஞ்சும் கணக்கு ஒன்று உண்டு: 70 மி.மீ. நீளமுள்ள கோடு கிடைத்தளத்தோடு 30 டிகிரியும் செங்குத்துத் தளத்தோடு 45 டிகிரியும் சாய்ந்துள்ளது. அதன் மேல்தோற்றத்தையும் முகப்புத் தோற்றத்தையும் வரைக. வகுப்பில் பெரும்பாலோர் படிகளை மனப்பாடம் செய்து வரைந்துவிட்டார்கள். எங்கள் இருவருக்கும் அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

அன்றிரவு விடுதி அறையின் மூலையில் உட்கார்ந்தோம். தரைதான் கிடைத்தளம், சுவர்தான் செங்குத்துத் தளம், இரண்டும் சேரும் விளிம்புதான் எக்ஸ்-ஒய் கோடு. ஒரு துடைப்பக் குச்சியை அவள் சாய்த்துப் பிடித்தாள். நான் நேர் மேலிருந்தும் நேர் முன்னிருந்தும் பார்த்துத் தாளில் குறித்தேன். மேலிருந்து பார்த்தால் குச்சி குறுகித் தெரிகிறது: 70-ஐ கொசைன் 30-ஆல் பெருக்கினால் வரும் 60.6. முன்னிருந்து பார்த்தால் இன்னும் குறுகி 49.5.

திடீரென்று அவள், "இது பிளஸ் ஒன்னில் படித்த திசைக் கொசைன் அல்லவா?" என்றாள். மலர், அந்தக் கணத்தில் நீ அங்கே இருந்திருக்க வேண்டும்! ஒரு கோடு மூன்று அச்சுகளோடு உண்டாக்கும் கோணங்களின் கொசைன்கள்தானே அவை; அந்த மூன்றின் வர்க்கங்களைக் கூட்டினால் ஒன்று என்று நாம் எத்தனை முறை எழுதியிருப்போம்? தரையோடு 30 டிகிரி என்றால் தரைக்குச் செங்குத்தான அச்சோடு 60 டிகிரி, அதன் கொசைன்தான் சைன் 30; சுவருக்கும் அப்படியே சைன் 45. சைன் 30-இன் வர்க்கம் கால், சைன் 45-இன் வர்க்கம் அரை, ஆக மிச்சம் கால். மூன்றாவது திசைக் கொசைன் அரை. அப்படியானால் குச்சி தரையிலிருந்து 35 மி.மீ. உயர்கிறது, சுவரைவிட்டு 49.5 மி.மீ. விலகுகிறது, சுவரை ஒட்டி 35 மி.மீ. நகர்கிறது. முன்னிருந்து பார்க்கும்போது உயரமும் நகர்வும் சமமாக இருப்பதால் சாய்வு 45 டிகிரியாகத் தெரிகிறது, உண்மையில் தரையோடு அது 30 டிகிரியே ஆனாலும். இரண்டு சாய்வுகளின் கூடுதல் 90 டிகிரியைத் தாண்டாது என்று வகுப்பில் விதியாகச் சொல்லியிருந்தார்கள். ஏன் தாண்டாது என்பதை அவளே எழுதிக் காட்டினாள்: தாண்டினால் அந்த இரண்டு சைன்களின் வர்க்கங்களின் கூடுதல் ஒன்றைவிட மிகுந்துவிடும், மூன்றாவது திசைக்கு இடமே இருக்காது.

பொருளை இப்படி மேலிருந்தும் முன்னிருந்தும் பார்த்து வரையும் முறையை வகுத்தவர் காஸ்பார் மோஞ்சு என்ற பிரெஞ்சுக்காரர்; 1746-இல் பிறந்த ஒரு சிறு வணிகரின் மகன். உயர்குடியில் பிறக்காததால் மெசியேர் நகர இராணுவப் பொறியியல் பள்ளியில் மாணவராக இடம் பெற முடியாமல், அங்கே படம் வரைபவராக வேலை பார்த்தார். கோட்டை அமைப்புக் கணக்கொன்றை நீண்ட கணக்கீடுகள் இல்லாமல் வரைந்தே தீர்த்துக் காட்டினார். மேலதிகாரிகள் முதலில் நம்பவே மறுத்தார்கள், பிறகு அதை இராணுவ இரகசியமாகப் பல்லாண்டுகள் பூட்டி வைத்தார்கள். நான் இதைச் சொன்னபோது அவள் வெகுநேரம் அவருடைய பள்ளியைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

பெட்டி இப்போது கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அவள் முழுமையாக மனம் மாறிவிட்டாள் என்று சொல்ல மாட்டேன். அரியர் தேர்வை நினைத்தாலே முகம் வாடுகிறது. எங்கே புரியவில்லை என்று இரவில் என்னிடம் சொல்லத் தொடங்கியிருக்கிறாள், அதுவரை நல்லது. ஆனால் எனக்குத் தெரிந்தது போதாது. ஐகன் மதிப்புகளை நான் போடத்தான் அறிவேன், அவை எதற்காக என்று அவள் கேட்டால் விழிக்கிறேன்.

அதனால் உன்னிடம் இரண்டு உதவிகள். நம் டீச்சர் எழுதிப் போட்ட திசையன் பாடக் குறிப்புகள் உன் நோட்டில் இருக்கும்; அவற்றைப் படமெடுத்து அனுப்பு, உன் கையெழுத்தைப் படிக்கும் பயிற்சி எனக்கு உண்டு. அடுத்து, ஞாயிறு மாலை ஏழு மணிக்கு நான் அழைக்கும்போது தொலைபேசியை எடு. அணிகளைத் தமிழில், முதலிலிருந்து, அவளுக்கு நீ சொல்லித் தர வேண்டும். அவளிடம் உன்னைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
கயல்