பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்

ரோட்டர்டாம்,
30 நவம்பர் 2025, ஞாயிறு.

அன்புள்ள அப்பாவுக்கு,

ஐப்பசி கடைசியில நீங்க போட்ட கடிதம் வெள்ளிக்கிழமை கைக்கு வந்தது. அதுக்கு முந்தின கடிதத்துக்கே நான் பதில் போடலை. வாராவாரம் போன்ல பேசுறோமேன்னு இருந்துட்டேன், தப்புதான். போன்ல ஒரு வார்த்தை கேக்காம கடிதத்துல கேட்டிருக்கீங்க. பக்கத்துல அம்மா இருக்கும்போது வயக்காட்டுப் பத்திரத்தைப் பத்திப் பேச முடியாதுன்னு எனக்குப் புரியுது. நானும் எழுதியே சொல்லிடுறேன்.

இங்கே நெதர்லாந்துல குளிர் ஆரம்பிச்சாச்சு. குளிரைக் கூடப் பொறுத்துக்கலாம், ஆத்துப் பக்கமிருந்து வர்ற காத்துதான் ஆளைத் தள்ளுது. காலை எட்டரைக்குத்தான் விடியுது, சாயங்காலம் நாலரைக்கெல்லாம் இருட்டு. சாப்பாட்டுக்குக் கவலைப்படாதீங்க. வெஸ்ட் க்ரூஸ்காட தெருவுல சுரினாம்காரங்க கடையில காராமணிக்காய், பாகற்காய், பச்சைமிளகாய் எல்லாம் கிடைக்குது. தெருமுனையில ஒலிபோல்லன்னு ஒண்ணு பொரிச்சு விக்கிறாங்க. மைதா மாவைப் புளிக்க வெச்சு, உலர்ந்த திராட்சை போட்டு, உருண்டையா எண்ணெயில விட்டு எடுத்து மேலே சர்க்கரைப் பொடி தூவித் தர்றாங்க. அம்மா பார்த்தா, சுகியத்துக்குப் பூரணம் வைக்க மறந்துட்டாங்கன்னு சொல்லும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். தம்பி சவுண்ட் உதவியாளனா வேலை பார்த்த படம் ரோட்டர்டாம் திரைப்பட விழாவுக்குத் தேர்வாயிடுச்சுன்னு மேலூர் பூரா பேச்சுன்னு எழுதியிருக்கீங்க. விழா கட்டணத்துக்கு நாலு லட்சம் குறையுது, கொடுத்தா பரிசுப் பணத்துல பங்குன்னு தயாரிப்பாளர் சொன்னதாவும், அதுக்குத்தான் தம்பி பத்திரத்தைக் கேக்குறான்னும் எழுதியிருக்கீங்க. நான் இந்த ஊர்லயே இருக்கேன்ல, விசாரிச்சுச் சொல்லுன்னீங்க.

முதல்ல ஒண்ணு. தேர்வான படத்துக்கிட்ட திரையிடுறதுக்குன்னு விழா காசு கேக்கிறதில்லை. படத்தை அனுப்பும்போது ஒரு பதிவுக் கட்டணம் உண்டு, அவ்வளவுதான். அது தேர்வாகுறதுக்கு முன்னாடியே கட்டுறது. தேர்வான பிறகு 'விழாவுக்குக் கட்டணும்'னு யார் கேட்டாலும், அந்தப் பணம் வேற எங்கேயோ போகுதுன்னு வெச்சுக்கங்க.

அதுக்காகத் தயாரிப்பாளர் முழுப் பொய் சொல்றார்னும் நான் சொல்லலை. இந்த மாதிரி வதந்தி எப்படி முளைக்குதுன்னு கீழ் வீட்டுக் கிழவர் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கார். போன கடிதத்துல எழுதினேனே, சன்னலுக்குத் திரையே போடாம ராத்திரியெல்லாம் விளக்கு எரிய உக்காந்திருப்பாரே, அவர்தான். நவம்பர் வந்தா ஒரு நோட்டுல பென்சிலால எந்தப் படம் வரும், எது வராதுன்னு எழுதுவார். பட்டியல் வந்த அன்னைக்கு ரப்பரால அழிப்பார். 1972-ல இந்த விழாவோட முதல் ராத்திரி மொத்தம் 17 பேர்தான் வந்தாங்களாம். அந்த 17 பேர்ல தான் இல்லைன்னு இவரே ஒத்துக்கிறார். அதனாலதான் இவர் பேச்சை நான் நம்புறேன்.

அவர் சொல்றபடி பார்த்தா 'ரோட்டர்டாம்'ங்கிற ஒரே பேருக்குப் பின்னாடி மூணு கதவு இருக்கு. ஒண்ணு விழா. இன்னொண்ணு ஹூபர்ட் பால்ஸ் நிதி. விழாவை ஆரம்பிச்சவர் 1988-ல இறந்த பிறகு அவர் பேர்ல வெச்ச நிதி அது. கதை எழுதுற கட்டத்துலயோ, படம் எடுத்து முடிச்சு மெருகேத்துற கட்டத்துலயோ உதவிப் பணம் தரும். மூணாவது சினிமார்ட். இன்னும் எடுக்காத படத்துக்குக் கூட்டுத் தயாரிப்பாளர் தேடுற சந்தை. முதல் கதவைத் தவிர மத்த ரெண்டுல நுழைஞ்சவங்களைப் பத்தியும் ஊர்ல 'ரோட்டர்டாம் போயிட்டான்'னுதான் பேசுவாங்க. கோயம்புத்தூர்ல எடுத்த 'நசீர்' அந்த நிதியும் வாங்கி, 2020-ல விழாவோட போட்டியிலும் வந்தது. அது ரெண்டும் ஒண்ணா அமைஞ்ச படம். எல்லாருக்கும் அமையாது.

நாலாவதா கோவா. இந்த மாசம் அங்கே ஃபிலிம் பஜார்னு ஒரு படச் சந்தை நடந்தது. அதுல வியூயிங் ரூம்னு ஒண்ணு உண்டு. முடிஞ்ச படம், பாதி முடிஞ்ச படம் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தி வெச்சிருப்பாங்க. வெளிநாட்டு விழாக்கள்ல இருந்து படம் பொறுக்க வர்றவங்க தனித்தனியா உக்காந்து பார்ப்பாங்க. பார்த்தவர் எழுந்து போகும்போது மரியாதைக்கு 'நல்லா இருக்கு, முழுசா முடிஞ்சதும் அனுப்புங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்வார். அந்த வார்த்தை கோவாவுல ஏறி மேலூர்ல இறங்கும்போது 'தேர்வாயிடுச்சு'ன்னு ஆயிடுது. தயாரிப்பாளர் கோவாவுக்குப் போறார்னு நீங்க எழுதினதைப் பார்த்தா எனக்கு இதுதான் நடந்திருக்கும்னு படுது.

உண்மையிலேயே தேர்வான படத்துக்கு விழாவுல இருந்து மெயில் வரும். நாங்க அறிவிக்கிற வரைக்கும் வெளியே சொல்லாதீங்கன்னு அதுல கண்டிப்பா இருக்கும். உறுதியானவங்க வாயைத் திறக்க மாட்டாங்க, தவிப்புல இருக்கிறவங்கதான் பேசுவாங்க. இன்னொரு சிக்கலும் இருக்கு. ரோட்டர்டாம் விழா ஜனவரி 29-ல ஆரம்பிச்சு பிப்ரவரி 8-ல முடியுது. பெர்லின் விழா பிப்ரவரி 12-லயே ஆரம்பிக்குது. ரெண்டுக்கும் ஒரே படத்தை அனுப்பிட்டு, எது முதல்ல பதில் சொல்லுதுன்னு பார்த்துக்கிட்டு இருப்பாங்க. போட்டிப் பிரிவுன்னா முதல் காட்சி எங்களுக்குத்தான் வேணும்னு ரெண்டு பக்கமும் நிப்பாங்க. அதனால ஆள் பாதி உண்மை பேசிக்கிட்டே மீதியை மறைப்பாங்க. நம்ம மேலூர்க்காரர் வினோத்ராஜோட முதல் படம் 'கூழாங்கல்' 2021-ல இங்கே விழாவோட பெரிய பரிசான டைகர் விருது வாங்கினது, ரெண்டாவது படம் 'கொட்டுக்காளி' 2024-ல பெர்லினுக்குப் போனது. ஊருக்குள்ள இப்ப யார் கேமரா தூக்கினாலும் ரோட்டர்டாம்னு பேச்சு வர்றது அதனாலதான். அதுல தப்பு இல்லை. 'கூழாங்கல்'ல வர்ற அரிட்டாபட்டி வெயிலை இந்தக் குளிர்ல உக்காந்து பார்த்துக் கைதட்டுற ஊர்தான் இது.

இப்ப நீங்களே செஞ்சு பார்க்கக்கூடிய ஒரு சோதனை சொல்றேன். எந்தப் பிரிவுன்னு தயாரிப்பாளர்கிட்டக் கேளுங்க. டைகர்னு சொன்னா அது போட்டி. பரிசு 40,000 யூரோ, நம்ம காசுக்கு நாப்பது லட்சம் சொச்சம். புது ஆளுங்களோட, இன்னும் வெளியே வராத படங்களுக்கானது. பத்துப் பதினஞ்சு படத்துல ஒண்ணுக்குத்தான் கிடைக்கும். பிரைட் ஃபியூச்சர்னா முதல் படம் எடுக்கிறவங்களுக்கு. பிக் ஸ்கிரீன்ங்கிறது கொஞ்சம் பெரிய கூட்டத்துக்கான படங்களோட போட்டி. லைம்லைட்னா ஏற்கெனவே பேர் வாங்கின படங்கள், அங்கே போட்டியே கிடையாது. 'விடுதலை' முதல் பாகம் 2023 மார்ச்சுலயே தியேட்டர்ல ஓடிட்டு 2024-ல இங்கே வந்ததே, அது லைம்லைட்தான்.

நீங்க எழுதினதுல இன்னொரு வரி இருந்தது: 'பொங்கல் ரிலீஸ்னு பஸ் ஸ்டாண்ட் சுவர்ல போஸ்டர் ஒட்டியிருக்கான்.' ஜனவரி 15-ல ஊர் பூரா ஓடுற படத்துக்கு ரெண்டு வாரம் கழிச்சு டைகர் போட்டியில இடம் கிடைக்கிறது நடக்கிற காரியம் இல்லை. போஸ்டர் நிஜம்னா பரிசு கிடையாது. பரிசுக்கு நிக்குறது நிஜம்னா பொங்கல் ரிலீஸ் கிடையாது. இந்த ஒரு கேள்வியைத் தம்பியை விட்டே கேக்கச் சொல்லுங்க. தயாரிப்பாளர் பதில் சொல்ல எடுத்துக்கிற நேரத்துலயே அவனுக்குப் புரிஞ்சிடும்.

தேர்வானாலும் அடுத்த மாசமே பணம் புரளும்னு நினைக்காதீங்க. 'பேரன்பு' 2018 ஜனவரியில இங்கே திரையிட்டாங்க, நம்ம ஊர்த் தியேட்டருக்கு வந்தது 2019 பிப்ரவரி. 'கூழாங்கல்' டைகர் வாங்கி ரெண்டே முக்கால் வருஷம் கழிச்சு, 2023 அக்டோபர்ல ஓடிடியில வந்தது. வட்டிக்கு வாங்கின பணம் அவ்வளவு நாள் தாங்குமா, நீங்களே கணக்குப் போடுங்க.

செலவே இல்லைன்னும் சொல்ல முடியாது. தேர்வான பிறகு டிசிபி, அதாவது தியேட்டர்ல ஓட்டுற டிஜிட்டல் பிரதி எடுக்கணும், ஆங்கில சப்டைட்டில் சரிபார்க்கணும். இதைத் தம்பிக்குப் படிச்சுக் காட்டுங்க, அவன் வேலை இது. சின்ன அறையில உக்காந்து மிக்ஸ் பண்ணின படம் பெரிய ஹால்ல ஓடும்போது வசனம் பின்னணி இசையில முங்கிப் போகும். சத்தத்தை 85 டெசிபலுக்கு அளந்து வெச்ச முழு அளவுத் தியேட்டர்ல ஒரு தடவையாவது ஓட்டிக் கேக்கணும். படம் நொடிக்கு 25 ஃபிரேம்ல எடுத்ததா 24-லயான்னு முதல்லயே பேசி வெக்கணும். கடைசியில மாத்தினா உதடும் சத்தமும் சேராது, இல்லாட்டி குரல் தடிச்சுப் போகும். டிசிபிக்குப் பூட்டுப் போட்டிருந்தா, திறக்கிற சாவிக் கோப்புல எந்தத் தேதி எத்தனை மணியில இருந்து எத்தனை மணி வரைக்கும்னு நேரம் குறிச்சிருக்கும். அதை இந்திய நேரமா ஐரோப்பிய நேரமான்னு பார்க்காம போட்டா, ஹால் நிறைய ஆள் உக்காந்திருக்கும்போது புரொஜக்டர் திறக்காது. குளிர் காலத்துல நாம நாலரை மணி நேரம் முன்னாடி இருக்கோம். இதுக்கெல்லாம் பில் உண்டு. தயாரிப்பாளர்கிட்ட எந்த ஸ்டுடியோ, எவ்வளவு பில்லுன்னு கேட்டா காகிதம் வரணும். வரலைன்னா பணமும் போக வேண்டாம்.

சப்டைட்டில்னதும் நினைவுக்கு வருது. இங்கே தமிழ்ப் படம் ஓடும்போது ஒரு வேடிக்கை நடக்கும். நடிகர் வாயைத் திறக்கும்போதே முழு வரியும் கீழே எழுத்தா வந்துடுது. டச்சுக்காரங்க படக்குனு படிச்சு, அவர் பேசி முடிக்கிறதுக்குள்ள சிரிச்சுடுவாங்க. அந்தச் சிரிப்புல நமக்குக் கடைசி வார்த்தை கேக்காமப் போயிடும். காதால கேட்டுச் சிரிக்கிறவன் அப்புறம் தனியா, கொஞ்சம் பிந்திச் சிரிப்பான். எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க. 'ஏலே'ன்னு கூப்பிடுற ஒரு குரலுக்காக ரெண்டு மணி நேரம் உக்காந்திருக்கலாம் அப்பா. நம்ம வீட்டுத் திண்ணையில நீங்க பேப்பர் படிச்சுக்கிட்டே என்னைக் கூப்பிடுற மாதிரியே இருக்கும். புதன்கிழமை கார்த்திகை தீபம். அம்மா எத்தனை விளக்கு வெச்சுதுன்னு அடுத்த கடிதத்துல எழுதுங்க.

சரி, வீட்டு விஷயம். வயக்காடு உங்க பேர்ல இருந்தாலும் பெரியப்பா பாகம் இன்னும் பிரிக்கலை. அவர் கையெழுத்து இல்லாம யார் அடமானம் வாங்குனாலும் பின்னாடி பெரியம்மா கோர்ட்டுக்குப் போகும். கால்வாயில தண்ணி விட்டு ஒருபோகம் நிக்கிற நேரத்துல வரப்புச் சண்டை வேண்டாம். பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும், சாவி அம்மாகிட்ட இருக்கட்டும். தங்கச்சி வளைகாப்பு தையிலன்னா மாப்பிள்ளை வீட்ல நாள் குறிச்சதும் சொல்லுங்க. கண்ணாடி வளையலை மதுரையிலயே எடுத்துடுங்க, மேலூர்ல அளவு சரியா கிடைக்காது.

இந்தக் கடிதம் உங்க கைக்கு வர்ற வாரத்துலயே போட்டிப் பட்டியல் வந்துடும். வழக்கமா டிசம்பர் நடுவாக்குலதான் வெளியிடுவாங்க. முழு அட்டவணை ஜனவரியில வரும். விழா தானா வெளியிட்ட பட்டியல்ல படத்தோட பேரும் இயக்குநர் பேரும் இருந்தா மட்டும் நம்புங்க. போஸ்டர்ல விழா முத்திரை மாதிரி ரெண்டு பக்கமும் இலை வரைஞ்சு நடுவுல விழா பேர் போட்டிருந்தா அது கணக்குல வராது. அதை யார் வேணும்னாலும் வரையலாம்.

ஒருவேளை பேர் இருந்துட்டா? விழா அழைக்கிறது இயக்குநரைத்தான், மிஞ்சினா இன்னும் ஒருத்தர். சவுண்ட் உதவியாளன் சொந்தக் காசுலதான் வரணும். தம்பி பாஸ்போர்ட் மார்ச்சுல முடியுதுன்னு நினைக்கிறேன். இங்கேயிருந்து கிளம்புற நாளுக்குப் பிறகு மூணு மாசம் செல்லணும், இல்லைன்னா விசா கிடைக்காது. அதனால பட்டியலுக்குக் காத்திருக்காம இந்த வாரமே புதுப்பிக்கக் கொடுக்கச் சொல்லுங்க. விசாவுக்குச் சென்னையில மனு கொடுக்கலாம். கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோவுக்குப் பயணக் காப்பீடு வேணும், முடிவு வர பதினஞ்சு நாள் ஆகும், சில சமயம் நாப்பத்தஞ்சு நாளும் இழுக்கும். படம் தேர்வாகலைன்னாலும் பாஸ்போர்ட் வீணாகாது, வரணும்னு நினைச்சா எப்பவும் வரலாம். என் அறையில கட்டில் ஒண்ணுதான். நான் கீழே படுத்துக்குவேன்.

அன்புடன்,
உங்கள் மூத்த மகன்

பி.கு.: இந்த மாசப் பணம் பத்து நாள் தள்ளிப் போகும். வங்கியில கணக்கை ஏதோ மாத்துறாங்க, வேற ஒண்ணும் இல்லை. அம்மாகிட்டச் சொல்ல வேண்டாம்.