பிறை மின்நிலையத்தை விடுத்து மஞ்சோங்கைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மின்நிலையங்களின் பாதரசப் புகை பற்றித் தங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரை, நிலக்கரியையும் எரிவாயுவையும் ஒரே தராசில் நிறுத்தியிருந்தது. அதைப் படித்தபின் இங்கு பினாங்கிலுள்ள பிறை மின்நிலையத்துக்கு அஞ்சி என் அண்டை வீட்டார் சன்னல்களைச் சாத்தி வைப்பதால் இதை எழுதுகிறேன்.

பிறையில் எரிவது எரிவாயு. அதிலும் பாதரசம் உண்டு; ஆனால் பதப்படுத்தும் ஆலையின் அலுமினியக் கருவிகளை அது அரித்துவிடும் என்பதால், குழாயில் ஏறும் முன்பே பெரும்பகுதியை நீக்கிவிடுகிறார்கள். (இயந்திரத்தின் மீதுள்ள அக்கறையில் நமக்கும் நன்மை!) நிலக்கரியோ பாதரசத்தோடுதான் உலைக்குள் போகிறது. கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்று கொண்டாலும், 10 லட்சம் டன் நிலக்கரியில் 100 கிலோ பாதரசம் இருக்கும். பேராக் கடலோரத்தில் நிலக்கரி எரிக்கும் மஞ்சோங் நிலையத்தின் திறனோ 4,000 மெகாவாட்டுக்கு மேல்.

அவ்வளவும் வானில் ஏறுவதில்லை. சாம்பலில் ஒட்டியது தூசி வடிப்பானிலும், நீரில் கரைவது கந்தகம் நீக்கும் கழுவுநீரிலும் சிக்கிக்கொள்ள, எதிலும் சிக்காத ஆவி மாதக்கணக்கில் காற்றில் உலவித் தொலைதூரத்தில் படிகிறது. ஆகவே சன்னலைச் சாத்திப் பயனில்லை. நீரடிச் சேற்றில் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்ற, சிறு மீனைப் பெரிய மீன் தின்னத் தின்னச் செறிவு கூடி, நம் வீட்டுக்குள் சட்டி வழியாகவே நுழைகிறது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறட்டும் என்று சுறாப்புட்டு ஆக்கிப்போடும் குடும்பங்களில் இதைச் சொல்வது எளிதன்று. ஆயினும் வளரும் மூளையைத் தாக்கும் இந்நஞ்சு மிகுதியாகச் சேரும் மீன்களுள் சுறாவும் ஒன்று.

நமது மலேசியாவின் 2014ஆம் ஆண்டுத் தூய காற்று விதிமுறைகள், நிலக்கரி நிலையப் புகையில் கன மீட்டருக்கு 0.03 மில்லிகிராம் பாதரசத்தை அனுமதிக்கின்றன. இத்தகைய பெரிய பழைய நிலையங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் வகுத்த உச்ச அளவு 0.004 மில்லிகிராம். இந்த இடைவெளியைச் சுற்றுச்சூழல் துறை குறைக்க வேண்டும். செறிவு வரம்புக்குள் நின்றபடியே ஒரு பெரிய நிலையம் ஏராளமாக வெளியிட முடியுமாகையால், ஒவ்வொரு நிலையமும் ஆண்டுக்கு எத்தனை கிலோ பாதரசத்தைக் காற்றில் விடுகிறது என்பதையும் மக்கள் எளிதில் காணுமாறு வெளியிட வேண்டும்.

தங்கள் அடுத்த கட்டுரை மஞ்சோங், சிலாங்கூரின் காப்பார் ஆகிய நிலக்கரி நிலையங்களின் அந்தக் கணக்கைக் கேட்டுப் பெற்று வெளியிடுமானால் நன்றியுடையவனாவேன்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
பட்டர்வொர்த், பினாங்கு