அக்கா பையனைப் பற்றி, கூடவே ஹாங்காங் ஆட்டத்தைப் பற்றியும்

கிருஷ்ணகிரி
15 ஜூன் 2025

அன்புள்ள மாப்ளே,

போன வாரம் நீ அனுப்பிய மூன்று வாய்ஸ் மெசேஜையும் கேட்டேன். உடனே கூப்பிட்டிருக்கலாம், ஆனால் போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், நான் சொல்ல வந்ததில் பாதி தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால்தான் இன்றைக்கு மதியமே கடையைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஊர் சேதி என்றால் மாங்காய்தான். பெங்களூரா இந்த வருஷம் காய்த்துக் கொட்டிக் கிடக்கிறது, விலைதான் இல்லை. கூழ் ஃபேக்டரி வாசலில் டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கின்றன, பறிக்கிற கூலிக்கே கட்டாது என்று சில பேர் மரத்திலேயே விட்டுவிட்டார்கள். உங்க அம்மாவுக்கு ஒரு கூடை செந்தூரா கொடுத்துவிட்டு வந்தேன். கால்வலி இப்போது பரவாயில்லையாம், கோயிலுக்கு நடந்தே போய் வருகிறார்கள்.

சரி, பையன் விஷயம். நாலு லட்சம் கட்டினால் உங்க அக்கா பையனுக்கு ஸ்பெயினில் ஃபுட்பால் டிரையல்ஸ் வாங்கித் தருகிறேன் என்று ஒரு ஏஜென்ட் உங்க அக்காவிடம் பேசியிருக்கிறான், பணத்தை நீ அனுப்பத் தயாராக இருக்கிறாய், நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டாய். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அனுப்பாதே. பையன் மேல் நம்பிக்கை இல்லாமல் சொல்லவில்லை. நம்பிக்கை இருப்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மே 30-ம் தேதி நம்ம மான்செஸ்டர் யுனைடெட் ஹாங்காங்கில் ஆடியதைப் பார்த்தாயா? ஒரு கோல் வாங்கிய பிறகு 3-1 என்று ஜெயித்தார்கள், அதில் இரண்டு கோல் சிடோ ஓபி அடித்தது. வயது 17. நட்பு ஆட்டம்தான், சீசன் முடிந்த களைப்போடு ஆடியதுதான், இருந்தாலும் நான் எழுந்து நின்றுவிட்டேன். பதினோரு நாள் கழித்து, ஜூன் 10 அன்று, அதே ஊரில் அதே ஹாங்காங்கோடு நம்ம இந்தியா ஆசியக் கோப்பை தகுதிச்சுற்றில் ஆடியது. ஒரு கோல் கூட அடிக்க முடியவில்லை, கடைசியில் கூடுதல் நேரத்தில் ஒரு பெனால்டியைக் கொடுத்துத் தோற்றுவிட்டு வந்தோம். அதற்கு முன்னால் மார்ச்சில் ஷில்லாங்கில் பங்களாதேஷோடு 0-0. ஹாங்காங்கில் தோற்ற அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

நம்மிடம் கோல் அடிக்க ஆள் இல்லை மாப்ளே. போன வருஷம் ஜூனில் கொல்கத்தாவில் இந்திய அணியிலிருந்து கண்ணீரோடு விடைபெற்றுப் போன சுனில் சேத்ரியை இந்த மார்ச்சில் திரும்பக் கூப்பிட வேண்டி வந்தது, நாற்பது வயதில். அந்த மனிதரும் இந்த ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) சீசனில் 14 கோல் அடித்திருக்கிறார், வேறு எந்த இந்திய ஆட்டக்காரரும் அவ்வளவு அடிக்கவில்லை. இதில் பெருமைப்படுவதா வருத்தப்படுவதா என்றே தெரியவில்லை. காரணம் நமக்குத் தெரிந்ததுதான். ஒரு அணியில் நாலு வெளிநாட்டுக்காரர்கள் இறங்கலாம், அந்த நாலில் ஒருவர் பெரும்பாலும் 9-ம் நம்பர், அதாவது முன்னால் நின்று கோல் அடிக்கிற ஸ்ட்ரைக்கர். கோச்சுக்கு அடுத்த வாரமே ஜெயிக்க வேண்டும், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நம்ம பையன்களை விங்குக்குத் தள்ளிவிடுகிறார்கள், இரண்டு மூன்று வருஷம் ஓரத்திலேயே ஓடினால் கோலுக்கு முன்னால் இருக்கும் பாக்ஸுக்குள் எங்கே நிற்க வேண்டும் என்கிற உணர்வே மங்கிப்போகும். இப்படிப்பட்ட நேரத்தில் நம்ம ஊர்ப் பையன் ஒருவன், 15 வயதில், பெங்களூரு அகாடமியில் 9-ம் நம்பராகவே ஆடிக்கொண்டிருக்கிறான். என்னைப் பொறுத்தவரை ஸ்பெயினை விட இது பெரிது.

ஓபியைப் பற்றி நீ கேட்டிருந்தாயே, "அவனை மட்டும் எப்படி இந்த வயதில் இறக்கினார்கள்" என்று. அர்செனல் அகாடமியில் இருந்தபோது, 2023 நவம்பரில், லிவர்பூலின் 16 வயதுக்குட்பட்ட அணியை 14-3 என்று அடித்தார்கள், அதில் பத்து கோல் இவன். அந்த சீசன் 18 வயதுக்குட்பட்டோர் லீக்கில் 18 ஆட்டத்தில் 32 கோல். அப்புறம் யுனைடெட்டுக்கு வந்தான். இவ்வளவு அடித்தவனைக்கூட இந்த பிப்ரவரியில் டாட்டன்ஹாம் ஆட்டத்தில் கடைசி நிமிஷத்தில்தான் இறக்கினார்கள். மே 4-ல் பிரென்ட்ஃபோர்டோடுதான் முதல் நிமிஷத்திலிருந்து ஆடினான், யுனைடெட்டுக்காக பிரீமியர் லீக் ஆட்டம் ஒன்றைத் தொடங்கியவர்களிலேயே வயதில் சின்னவன் அவன்தான், 17 வருஷம் 156 நாள். அதிலும் 4-3 என்று தோற்றோம். அணி பதினைந்தாவது இடத்தில் சீசனை முடித்தது, ஸ்ட்ரைக்கர்கள் ஹொய்லுண்டும் சிர்க்‌ஸீயும் கோல் அடிக்கத் திணறினார்கள், இந்த நிலைமையில் உலகம் முழுக்க ரசிகர்கள் அந்தப் பையனைத்தான் பார்க்கிறார்கள். நானும்தான். ஆனால் அவன் தோளில் எவ்வளவு ஏற்றுகிறோம் என்று ஹாங்காங் ஆட்டம் முடிந்த ராத்திரிதான் எனக்கு உறைத்தது.

யுனைடெட்டின் மாகெடா ஞாபகம் இருக்கிறதா? 2009 ஏப்ரல் 5, தருமபுரியில் நாம் படித்தபோது இருந்த ரூம், அந்தச் சின்ன டிவி. ஆஸ்டன் வில்லாவோடு 2-2, ஆட்டமே முடிகிற நேரம், பந்தை வாங்கி ஒரே சுழலில் ஆளைக் கழற்றிவிட்டு வலது காலால் வளைத்து அடித்தான். அவனுக்கும் 17. நீ கத்திய கத்தில் ஹவுஸ் ஓனர் மாடி ஏறி வந்துவிட்டார். அடுத்த ரொனால்டோ என்று நாம் இரண்டு பேரும் விடியும் வரை பேசினோம். அப்புறம் அவன் சாம்ப்டோரியா, க்யூபிஆர், ஸ்டட்கார்ட், டான்காஸ்டர், பர்மிங்ஹாம் என்று லோனில், அதாவது கடனாக வேறு கிளப்புகளுக்குப் போய்ச் சுற்றினான். கெட்ட ஆட்டக்காரன் இல்லை, நல்லபடியாகவே ஆடி வாழ்ந்தான், ஆனால் அந்த ஒரு கோலை வைத்தே கடைசி வரை அவனை அளந்தார்கள். அதே யுனைடெட் வீட்டிலிருந்துதான் ராஷ்ஃபோர்டும் வந்தான், 2016 பிப்ரவரியில் மார்ஷியலுக்கு வார்ம்-அப்பில் அடிபட்டதால் இடம் கிடைத்து, முதல் இரண்டு ஆட்டத்தில் நாலு கோல். ஹாரி கேனை நாலு கிளப்புக்கு லோனில் அனுப்பிய பிறகுதான் டாட்டன்ஹாமே அவனைக் கண்டுகொண்டது. இதில் எது நம்ம பையன் கதை என்று 15 வயதில் யாராலும் சொல்ல முடியாது மாப்ளே, ஏஜென்டால் நிச்சயமாக முடியாது.

இப்போது நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். மே 24, சனிக்கிழமை, விடிகாலை பஸ் பிடித்துப் போனேன். ஓசூர் தாண்டி அத்திப்பள்ளி வரை சரசரவென்று போனது, சில்க் போர்டில் வழக்கம்போல முக்கால் மணி நேரம். நான் போய்ச் சேர்ந்தபோது ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. முதல் பாதியில் அவனுக்குப் பந்தே வரவில்லை. நான் பந்தை விட்டுவிட்டு அவனை மட்டும் பார்த்தேன். பந்து வருவதற்கு முன்னால் இரண்டு தோளுக்கு மேலும் திரும்பிப் பார்த்துக்கொள்கிறான். இது நான் சொல்லிக்கொடுத்தது இல்லை. நம்ம ஸ்கூல் கிரவுண்டில் கல்லும் முள்ளும் மேடும் பள்ளமுமாக இருக்குமே, அங்கே நான் காலை நேரத்தில் சொல்லித் தந்தது பந்தைக் காலோடு ஒட்ட வைப்பது மட்டும்தான். ஒரு தடவை தன்னைக் காவல் காத்த சென்டர் பேக்கை இரண்டடி பின்னால் இழுத்துக்கொண்டு போய், அவன் நம்பி நகர்ந்த நொடியில் வெட்டி நியர் போஸ்டுக்கு, பந்து வருகிற பக்கத்துக் கம்பத்துக்குப் பாய்ந்தான். ஓரத்திலிருந்து வந்த கிராஸ் அவனுக்குப் பின்னால் போய்விட்டது. கோல் இல்லை, யாரும் கை தட்டவும் இல்லை. எனக்கு மட்டும் மயிர்க்கூச்செறிந்தது.

இரண்டாவது பாதியில் தனியாக கோலியோடு நேருக்கு நேர் கிடைத்தது. நேராக கோலி நெஞ்சிலேயே அடித்துவிட்டான். தவறவிட்ட உடனே பையன்கள் கோச்சைப் பார்ப்பார்கள், இல்லை தரையைப் பார்ப்பார்கள். இவன் கம்பிவேலிப் பக்கம் பார்த்தான். அங்கே அவன் அப்பா இரண்டு கையாலும் போனை உயர்த்திப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். அந்த வீடியோ அன்று சாயங்காலம் உங்க குடும்ப குரூப்புக்கு வரும், சித்தப்பா பெரியப்பா எல்லாரும் பார்ப்பார்கள், "அடுத்த சேத்ரி" என்று எழுதுகிற அத்தை இன்றைக்கு என்ன எழுதுவார் என்று அந்த ஒரு நொடியில் அவன் கணக்குப் போட்டதை அவன் முகத்திலேயே பார்த்தேன். அதற்கப்புறம் வந்த இரண்டு பந்தையும் அடிக்கவில்லை, பக்கத்தில் இருந்தவனுக்குத் தள்ளிவிட்டான். ஸ்ட்ரைக்கராக இருக்கிற பையன் அடிக்கப் பயந்தால் என்ன மிச்சம்?

ஆட்டம் முடிந்து வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து சாக்ஸை இறக்கினான். இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து, தொட்டால் முகம் சுளிக்கிறான். "எத்தனை நாளாடா?" என்று கேட்டேன். "ஒரு மாசமா மாமா, அப்பாகிட்ட சொல்லிடாதீங்க, செலக்‌ஷன் இருக்கு" என்றான். பிசியோவிடமும் சொல்லவில்லை. சொன்னால் உட்கார வைத்துவிடுவார்களாம். அவனைக் கையோடு பிசியோவிடம் கூட்டிப்போனேன். நல்ல மனிதர், திட்டவில்லை. இந்த வயதில் உயரம் வேகமாக ஏறும்போது எலும்பு முந்திக்கொள்ளும், தசைநார் அதே இடத்தில் இழுத்துக்கொண்டே இருக்கும், ஓடுகிற குதிக்கிற பையன்களுக்கு இது சகஜம், நாலு வாரம் பளுவைக் குறைத்தால் அடங்கும், மறைத்துக்கொண்டே ஆடினால்தான் இழுத்துக்கொண்டு போகும் என்றார். இப்போது பயப்பட ஒன்றும் இல்லை, பையனே அப்பாவிடம் சொல்லிவிட்டான். இங்கிலாந்து ஸ்ட்ரைக்கர் மைக்கேல் ஓவனை நினைத்துப் பார், 98 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவை ஓடியே கிழித்தவன், அடுத்த வருஷம் லீட்ஸ் ஆட்டத்தில் தொடைத் தசை கிழிந்தபோது வயது 19. அந்த ஓட்டம் பழையபடி திரும்பவே இல்லை.

ஸ்பெயின் விஷயத்தில் ஏஜென்ட் மறைப்பது இன்னொன்று இருக்கிறது. 18 வயது ஆகாத பையனை வேறு நாட்டு கிளப்பில் பதிவு செய்ய ஃபிஃபா விதி பொதுவாக இடம் கொடுப்பதில்லை. பெற்றோர் வேறு காரணத்துக்காக அங்கே குடிபோனால், இல்லை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே 16 வயதுக்கு மேல் மாறினால் என்று சில விலக்குகள் உண்டு, நம்ம பையன் அவற்றில் எதிலும் வரமாட்டான். இந்த விதியை மீறியதற்காக பார்சிலோனாவுக்கே 2014-ல் ஆட்டக்காரர்களை வாங்கத் தடை போட்டார்கள். அங்கே போய் இவன் பத்து கோல் அடித்தாலும் எந்த கிளப்பும் அவனைச் சேர்த்துக்கொள்ள முடியாது. ஜெர்சி போட்டு ஒரு போட்டோவும் ஒரு சர்டிஃபிகேட்டும் கிடைக்கும். அந்த நாலு லட்சத்தை அக்கா பேரில் போஸ்ட் ஆபீஸில் மூன்று வருஷத்துக்குப் போடு. அவனுக்கு 18 ஆகும்போது நிஜமாகவே ஒரு கதவு திறந்தால் அன்றைக்கு உதவும். இப்போதைக்கு அவனுக்கு வேண்டியது நல்ல பூட்ஸ் ஒரு ஜோடி (காலுக்கு அளவு பார்த்து, பெரிதாக வாங்கிப் பஞ்சு வைத்து இல்லை), தினம் முட்டை, பத்தாம் வகுப்புக்கு ஒரு கணக்கு டியூஷன்.

எனக்கு மட்டும் ஆசை இல்லையா? காரைக்குடிப் பக்கம் கண்டனூரிலிருந்து வந்த சிவசக்தி 2022 டூரண்ட் கோப்பை ஃபைனலில் பெங்களூரு எஃப்சி அணிக்காக கோல் அடித்தபோது, கண்டனூரால் முடிந்தது நம்ம ஊரால் முடியாதா என்று அன்றிலிருந்து நினைக்கிறேன். அந்த அணியின் கண்டீரவா ஸ்டேடியத்தில் நீல ஜெர்சியில் நம்ம பையன் நிற்பதைக் கண்ணை மூடினால் பார்க்கிறேன். உனக்கு எனக்கும் மேலே என்பது தெரியும். ப்ளஸ் டூவில் சென்னை டிரையல்ஸுக்குப் பெயர் வந்தும், அப்பா ஆஸ்பத்திரியில் இருந்ததால் நீ போகவில்லை, பையை மடித்து வைத்துவிட்டு கிரவுண்டுக்கே வராமல் இருந்தாயே ஒரு மாசம். அதை நான் மறக்கவில்லை. அதனால்தான் உன்னிடம் சொல்ல முடிகிறது.

இந்த வாரம் அவனுக்குப் போன் பண்ணு. எத்தனை கோல் என்று கேட்காதே, முட்டி எப்படி இருக்கிறது என்று மட்டும் கேள். நீ கேட்டால் நிஜத்தைச் சொல்வான். குரூப்பில் வீடியோ போடுவதை நிறுத்தச் சொல்லி அவன் அப்பாவிடம் நீதான் பேச வேண்டும், நான் வெளி ஆள், என் வாயால் சொன்னால் நன்றாக இருக்காது.

28-ம் தேதி சனிக்கிழமை திரும்ப இறங்குகிறான், முதல் பாதி மட்டும். நான் போகிறேன். போனைப் பையிலேயே வைத்துவிடுவேன், அதனால் வீடியோ எதிர்பார்க்காதே. அன்று ராத்திரி பஸ்ஸிலிருந்தே எழுதுகிறேன்.

அன்புடன்
உன் மச்சான்