சொட்டு மருந்து போட்டும் பேதியா?

பாளையங்கோட்டை

அன்புள்ள பேச்சிமுத்து,

பேத்தி தேறிவிட்டாள் என்று எழுதியிருந்தாய், நிம்மதி. "மூணு தடவ சொட்டு மருந்து போட்டும் ஏன் பேதியாச்சு?" என்று உன் வீட்டில் கேட்டது நியாயம்தான்.

பேதிக்குக் கிருமிகள் எத்தனையோ. அவள் போட்டுக்கொண்டது ரோட்டா என்ற வைரஸுக்கான சொட்டு மருந்து; அது அந்த ஒன்றை மட்டும் பார்க்கும். ரோட்டா முதல் தடவை தொற்றும்போதுதான் குழந்தை துவண்டுபோகும். பிறகு வந்தால் வேகம் குறைவு. அந்த முதல் தடவையை வீரியமில்லாத வைரஸை வைத்து நாமே முடித்துவிடுகிறோம், அவ்வளவுதான். ஆக, இது பேதியை நிறுத்த வந்ததில்லை, டிரிப்ஸ் ஏற்றும் நிலைமையைக் குறைக்க வந்தது.

2016 முதல் 2020 வரை நம் நாட்டில் 31 மருத்துவமனைகளில் எடுத்த கணக்கில், ரோட்டாவேக் என்ற ரோட்டா சொட்டு மருந்து கடுமையான ரோட்டா பேதியை 54 சதவீதம் குறைத்திருக்கிறது. பேதியென்று வந்து சேர்ந்த சிறு குழந்தைகளில் ரோட்டாவின் பங்கு 40 சதவீதத்திலிருந்து 20க்கு இறங்கியது. பணக்கார நாடுகளில் பலன் 85க்கு மேல். இங்கே தாயிடமிருந்து வரும் எதிர்ப்புச் சக்தியும், அடிக்கடி கிருமி பட்டுப் புண்ணான குடலும் மருந்தை முழுசாகப் பிடிக்க விடுவதில்லை. என்றாலும் 54ஐ இளப்பமாக நினைக்காதே.

சின்ன மகள் பிள்ளைக்கு 6, 10, 14 வாரத்தில் போட வேண்டும். மூணாம் மாசம் கடையநல்லூருக்கு அனுப்பும்போதுதான் மூன்றாவது தவணை நழுவும். தாய்வீட்டு நர்ஸ் கணக்கிலும் இராது, மாமியார் வீட்டு நர்ஸ் கணக்கிலும் இராது. தடுப்பூசி அட்டையைப் பெட்டியில் முதலில் வை.

இன்னொன்று. நாலு, அஞ்சு மாசக் குழந்தை விட்டுவிட்டுக் காலை மடக்கி வீறிட்டு, வாந்தியெடுத்து, மலத்தில் ரத்தமும் சளியும் கண்டால் அது குடல் செருகலாக இருக்கலாம், அதாவது குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்துகொள்வது. சொட்டு மருந்து போடாத பிள்ளைக்கும் வரும். உரம் எடுக்கவோ தொக்கம் எடுக்கவோ தூக்கிக்கொண்டு அலையாமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைப் பொடி பாக்கெட்டைப் பாதிபாதியாகத் தம்ளரில் கலக்கச் சொல்லாதே, உப்பு ஏறிவிடும். முழுப் பாக்கெட்டுக்கு ஆறிய வெந்நீர் ஒரு லிட்டர். 24 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிடு. ஒவ்வொரு தடவை பேதியானதும் 50 முதல் 100 மில்லி. வாந்தியெடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, கரண்டி கரண்டியாக. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. கடையில் அட்டை டப்பாவில் விற்கும் இனிப்புத் தண்ணி இதற்கு ஈடாகாது, பேதியைக் கூட்டத்தான் செய்யும்.

பேத்திக்கு ஏழு மாசமாகிவிட்டதால் துத்தநாக மாத்திரை நாளைக்கு 20 மில்லிகிராம். பேதி நின்றாலும் 14 நாளும் கொடு.

அன்புடன்,
சுப்பையா