பழைய வாத்துக் கதைகளைப் பட்டியலிட உதவியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

கொழும்பில் நமக்குத் தெரிந்த வீடுகளின் அலுமாரிகளிலும் டிரங்குப் பெட்டிகளிலும் கிடந்த பழைய விலங்குக் கார்ட்டூன் காமிக்ஸ்களைப் பட்டியலிடும் வேலை முடிந்துவிட்டது. டொனால்ட் டக், அங்கிள் ஸ்க்ரூஜ், மிக்கி மவுஸ், பக்ஸ் பன்னி, டொம் அன்ட் ஜெரி, போகோ எல்லாம் உள்ளே இருக்கின்றன. எந்தக் கதை, எத்தனை பக்கம், முதலில் எந்த இதழில் வந்தது, யார் எழுதினார், யார் வரைந்தார், பிரதி இப்போது என்ன நிலையில் இருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. ஒரு கொப்பியில் தொடங்கிய வேலை தட்டச்சாகி, தைத்துக் கட்டிய தடித்த புத்தகமாக மேசையில் இருக்கிறது. முகப்பில் என் பெயரை மட்டும் போட மனம் வரவில்லை. உங்களில் பலர் "எங்கட பேர் வேண்டாம்" என்று சொல்லிவிட்டீர்கள். அதனால் இந்த மடலிலும் பெயர் சொல்லவில்லை. யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும்.

இந்த வேலை ஏன் இவ்வளவு பேரைக் கேட்டது என்று புதிதாக வாசிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து டிஸ்னி காமிக்ஸ்களில் கதையை எழுதியவர் பெயரும் இருக்காது, வரைந்தவர் பெயரும் இருக்காது. வால்ட் டிஸ்னி என்ற ஒரே பெயர்தான். கார்ல் பார்க்ஸ் 1942-இல் டிஸ்னி ஸ்டூடியோவை விட்டு வந்து, 1966-இல் ஓய்வு பெறும்வரை 500-க்கும் மேற்பட்ட வாத்துக் கதைகளைப் படைத்தார். ஸ்க்ரூஜ் மாமாவை 1947-இல் ஒரு கிறிஸ்மஸ் கதைக்காக உருவாக்கியவரும் அவரே. ஆனால் வாசித்த பிள்ளைகளுக்கு அவர் யாரென்றே தெரியாது. மற்றவர்களுடைய கோட்டிலிருந்து அவருடைய கோட்டைப் பிரித்தறியத் தெரிந்தவர்கள்கூட, பெயர் தெரியாமல் "நல்ல வாத்து ஓவியர்" என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். 1960-இல் ஜோன், பில் ஸ்பைசர் என்ற இரண்டு சகோதரர்கள் அவரைத் தேடிப்பிடித்துக் கடிதம் எழுதினார்கள். அப்போது அவர் அறுபதை நெருங்கியிருந்தார். தன் கதைகளை யாரோ இவ்வளவு உற்றுப் பார்க்கிறார்கள் என்று அந்த மனிதருக்கு அவ்வளவு பிந்தித்தான் தெரியவந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். ஒரு கதைக்குப் பக்கத்தில் சரியான பெயரை எழுதிவைப்பது சின்ன வேலை இல்லை என்று நான் நம்புவதற்கு இதுதான் காரணம்.

முதல் நன்றி மருதானைப் பக்கம், டி. ஆர். விஜயவர்தன மாவத்தையில் பழைய புத்தகக் கடை வைத்திருக்கும் நானாவுக்கு. நான் என்ன தேடுகிறேன் என்று ஒருமுறை கேட்டதோடு சரி, அதற்குப் பிறகு வாத்துப் படம் போட்ட எது வந்தாலும் தனியாக எடுத்து வைத்தார். வாங்க முடியாத விலையில் இருந்ததை "வாங்க வேணாம், இங்கேயே இருந்து எழுதிக்கொள்ளுங்க" என்று ஸ்டூலைப் போட்டுத் தந்தார். மழை பெய்தால் பொலித்தீனை முதலில் காமிக்ஸ் மேலேதான் இழுத்துப் போடுவார். சிட்னியில் அச்சான டிஸ்னி இதழ்கள் சிலவற்றை அவரிடம்தான் முதன்முதலில் பார்த்தேன். அமெரிக்கக் கதைகளையே வேறு வரிசையில், வேறு இதழ் எண்ணோடு போட்டிருப்பார்கள். அட்டையில் இருக்கும் எண்ணை நம்பி எழுதினால் பட்டியல் முழுக்கக் குழம்பிப்போகும் என்பது அங்கேதான் விளங்கியது.

பம்பலப்பிட்டி அன்ரி, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? அங்கிள் போன பிறகு திறக்காமல் வைத்திருந்த பெட்டியை எங்களுக்காகத் திறந்தீர்கள். உள்ளே வரிசையாக பைண்ட் பண்ணிய தொகுதிகள். அந்தக் காலத்துப் பழக்கப்படி பைண்டர் எல்லா அட்டைகளையும் கிழித்துவிட்டுத்தான் தைத்திருந்தார். இதழின் பெயர், எண், மாதம் எல்லாம் பெரும்பாலும் அட்டையிலும் உள்ளட்டையிலும்தான் இருக்கும். ஆகவே எங்களுக்கு மிஞ்சியது கதை மட்டும். ஆனால் அங்கிள் ஒவ்வொரு கதையின் ஓரத்திலும் பென்சிலால் வாங்கிய மாதத்தையும் வருடத்தையும் குறித்து வைத்திருந்தார். அந்தப் பென்சில் எழுத்து இல்லாவிட்டால் பாதித் தொகுதி "காலம் தெரியவில்லை" என்றே நின்றிருக்கும். பக்கம் புரட்டும்போது நீங்கள் பக்கத்திலிருந்து, "இதைத்தான் அவர் மகனுக்கு வாசிச்சுக் காட்டுவார்" என்று சொன்ன கதைகளுக்கு நேரே நானும் பென்சிலால் ஒரு சிறு அடையாளம் போட்டிருக்கிறேன். அது பட்டியலில் அச்சாகாது. உங்களுக்குத் தரும் பிரதியில் மட்டும் இருக்கும்.

அன்ரியின் பெட்டியிலிருந்து வந்த ஒரு கதைக்காக நாங்கள் பட்ட பாட்டை இங்கே சொல்லியே ஆக வேண்டும். ஸ்க்ரூஜ் மாமா பழைய ராச்சியம் ஒன்றின் புதையல் தேடிப் போகும் கதை. வாசித்தால் வசனம் பார்க்ஸ் மாதிரியே இருக்கிறது. பேராசை எங்கே சிரிப்பாக மாற வேண்டும், எங்கே கொஞ்சம் பயமாக மாற வேண்டும் என்ற அளவு அப்படியே அவருடையது. படத்தைப் பார்த்தால் அவர் இல்லை. பின்னணி வெறுமையாக இருக்கிறது, வாத்துகள் நிற்கும் நிலையில் அந்தத் துடிப்பு இல்லை. வெள்ளவத்தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் முழுக்க இதே பேச்சு. ஒருவர் பார்க்ஸ்தான் என்றார், ஒருவர் இல்லவே இல்லை என்றார், யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் பார்த்தால் இரண்டு பேர் சொன்னதும் சரி. ஓய்வு பெற்ற பிறகு பார்க்ஸ் எழுதிக் கொடுத்து, டோனி ஸ்ட்ரோபல் வரைந்து, 1967-இல் 'அங்கிள் ஸ்க்ரூஜ்' 71-ஆம் இதழில் வந்த கதை அது. எழுத்தாளருக்கு ஒரு பத்தி, ஓவியருக்கு ஒரு பத்தி என்று பட்டியலைப் பிரித்தது அந்தப் பின்னேரத்துக்குப் பிறகுதான். சத்தம் போட்டுத் தர்க்கம் பண்ணிய அத்தனை பேருக்கும் நன்றி. உங்கள் சத்தத்தால்தான் பட்டியல் திருந்தியது.

துறைமுகத்தில் பொறியியலாளராக இருந்து ஓய்வுபெற்ற ஐயாவுக்கு அடுத்த நன்றி. வாத்துக் கதைகளில் தனக்கு ஆர்வமில்லை என்றுதான் முதலில் சொன்னார். 1949-இல் வந்த ஒரு பார்க்ஸ் கதையில், மூழ்கிய படகுக்குள் பிங்பொங் பந்துகளை நிரப்பி அதை மிதக்கவைப்பார்கள். அதை அவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டம் கட்டமாகப் பார்த்தார். பிறகு எழுந்துபோய், 1964-இல் குவைத் துறைமுகத்தில் ஆயிரக்கணக்கான ஆடுகளோடு மூழ்கிய கப்பலை கார்ல் க்ரோயர் என்ற டென்மார்க்காரர் பொலிஸ்டைரீன் உருண்டைகளைக் குழாய் வழியாக உள்ளே செலுத்தித் தூக்கிய கதையை விளக்கினார். நீரை வெளியே தள்ளும் கனஅளவு, கப்பலின் எடை, எந்த அறையை முதலில் நிரப்ப வேண்டும் என்றெல்லாம் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தத் தாள் அந்தக் கதையின் பிரதிக்குள் பத்திரமாக இருக்கிறது. அன்றிலிருந்து ஐயா எங்கள் எல்லாக் கூட்டத்துக்கும் வந்தார். பார்க்ஸ் நாடுகளையும் மலைகளையும் வரைவதற்கு நேஷனல் ஜியோகிரபிக் இதழ்களைப் பார்த்து வரைந்தவர் என்று தெரிந்ததும், தன் வீட்டிலிருந்த பழைய இதழ்களையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

இனி மாமாவைப் பற்றி. இதை எழுதுவதற்கு அவரிடம் கேட்டு அனுமதி வாங்கினேன்.

மாமாவிடம் ஒரு காமிக்ஸ்கூட இல்லை. 83 யூலைக் கலவரத்தில் வீட்டோடு எல்லாம் போய்விட்டது. பட்டியலைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தவர், கொஞ்ச நேரம் பேசாமல் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்னட்ட இருந்ததை எழுதலாமா?" என்று கேட்டார். ஒரு கொப்பி கொடுத்தோம். அடுத்த கிழமை அது நிறைந்து வந்தது. கதையின் பெயர் பல இடங்களில் அவருக்கு நினைவில்லை. ஆனால் படம் நினைவிலிருந்தது. சதுர முட்டை தேடி அந்தீஸ் மலைக்குப் போவார்கள். பணம் என்றால் என்னவென்றே தெரியாத பள்ளத்தாக்கில் மருந்துப் போத்தல் மூடிக்காக ஊரே பைத்தியமாகும். க்ளொண்டைக்கில் பழைய காதலியை மறுபடி சந்திக்கும் ஸ்க்ரூஜ், வேண்டுமென்றே பொன்னை அவளுக்கு விட்டுக்கொடுப்பார். எந்தப் பக்கத்தில் எந்தக் கட்டம் பெரிதாக இருந்தது என்றுகூட எழுதியிருந்தார். அவர் எழுதியதைக் கொண்டே ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தோம்: 1949, 1954, 1953.

அதில் ஒரு வரி எங்களைக் கொஞ்சம் அலையவைத்தது. தன்னிடம் 'அங்கிள் ஸ்க்ரூஜ்' முதல் இதழ் இருந்தது, ஆனால் அதில் 1 என்ற எண் இல்லை, 386 என்றுதான் இருந்தது என்று எழுதியிருந்தார். பட்டியல் போடுபவர்களுக்கு இது ஒரு சந்தோஷமான முடிச்சு. இந்தக் காமிக்ஸ்களை வெளியிட்ட டெல் நிறுவனம் பல பாத்திரங்களுக்குப் பொதுவாக 'ஃபோர் கலர்' என்ற வரிசையை நடத்தியது. ஸ்க்ரூஜின் முதல் மூன்று இதழ்களும் அந்த வரிசையில் 386, 456, 495 என்ற எண்களோடு 1952-இலும் 1953-இலும் வந்தன. விற்பனை நன்றாக இருந்ததால் தனி இதழ் ஆனபோது, அந்த மூன்றையும் கணக்கில் சேர்த்து 4-இலிருந்து எண் போட்டார்கள். ஆகவே 1, 2, 3 என்று அச்சான பிரதியைத் தேடினால் கிடைக்காது. அத்தனை வருடத்துக்குப் பிறகும் 386 என்பது மாமாவுக்கு நினைவிருந்தது.

அந்தக் கொப்பிக்காகப் பட்டியலில் ஒரு பகுதி சேர்த்தோம். கையில் பிரதி இல்லாத, ஆனால் கொழும்பில் ஒருகாலத்தில் ஒருவரிடம் இருந்த கதைகள். பட்டியல் என்றால் இருப்பதை மட்டும் எழுத வேண்டும் என்று எங்களில் ஒருவர் சொன்னார். அதிலும் நியாயம் உண்டு. ஆனால் பெயரில்லாமல் போனவர்களின் பெயரைத் தேடி எழுதுகிற புத்தகத்தில், இந்த மனிதர் மனதில் வைத்துக் காத்ததை எழுதாமல் விட எனக்கு முடியாது. மாமா, அந்தப் பகுதிதான் இந்தப் புத்தகத்தில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. அதைத் தந்ததற்கு நன்றி.

மகரகமையிலிருந்து வந்துபோன சிங்களச் சிநேகிதி இல்லாமல் பேப்பர்ப் பக்கங்கள் எதுவும் நகர்ந்திருக்காது. அவருடைய தாத்தா பத்திரிகையில் வந்த படக்கதை ஸ்ட்ரிப்களைத் தினமும் வெட்டி ஒட்டிய கொப்பிகளைக் கொண்டுவந்தார். மிக்கி மவுஸ் ஸ்ட்ரிப்பை 1930 மே மாதத்திலிருந்து 1975 வரை வரைந்த ஃப்ளொய்ட் கொட்ஃப்ரெட்சனின் பெயரும் பல பத்தாண்டுகள் வெளியே தெரியாமல்தான் இருந்தது. ஸ்ட்ரிப்பின் ஓரத்தில் மாதமும் தேதியும் சின்னதாக இருக்கும், அதை வைத்துத் தேடலாம். வெட்டும்போது கத்தரி அதையும் சேர்த்து வெட்டிய இடங்களில், பின்பக்கத்தில் இருந்த சிங்களச் செய்தியையும் விளம்பரத்தையும் வாசித்து, இது இன்ன மாதமாக இருக்கும் என்று அவர்தான் சொன்னார். போஹொம ஸ்தூதி, நங்கி.

உலகெங்குமுள்ள ரசிகர்கள் சேர்த்துவரும் இன்டக்ஸ் (Inducks) என்ற தரவுத்தளத்துக்கும் கடன்பட்டிருக்கிறோம். அதில் ஒவ்வொரு டிஸ்னி கதைக்கும் ஒரு குறியீடு உண்டு. எந்த நாட்டில் எந்தப் பெயரில் மறுபடி அச்சானாலும் குறியீடு மாறாது. எங்கள் பட்டியலிலும் அதையே எழுதினோம். இத்தாலியக் கதை என்று சந்தேகப்பட்ட சிலவற்றின் படங்களை அனுப்பிக் கேட்டபோது, முன்பின் தெரியாத எங்களுக்கு அங்கிருந்து மறுநாளே பதில் வந்தது. பக்கத்துக்கு மூன்று வரிசைக் கட்டங்கள் இருப்பதைக் கவனித்து, இத்தாலியச் சிற்றிதழ் அளவுக்கு வரைந்த கதைகள் இவை என்று உறுதிப்படுத்தினார்கள். ரொமானோ ஸ்கார்பா என்ற பெயர் எங்கள் பட்டியலில் வந்தது அப்படித்தான்.

புறக்கோட்டை பைண்டிங் கடை அண்ணைக்கும் நன்றி. துருப்பிடித்த கம்பிகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து, நூலால் தைத்துக் கொடுத்தார். கடற்காற்றும் ஈரமும் சேர்ந்தால் கம்பியின் துரு முதலில் நடுத்தாளைத்தான் தின்னும். நியூஸ்பிரின்ட் தாளை ஒட்டுநாடாவால் ஒட்டக் கூடாது, காலப்போக்கில் அதுவே கறையாகிவிடும் என்று எல்லாருக்கும் சொல்லித்தந்தவர் அவர். உயர்தரப் பரீட்சைக்கு நடுவிலும் தட்டச்சுச் செய்த தம்பி, தங்கச்சி இருவருக்கும், காலி வீதிப் போட்டோக்கொப்பிக் கடைக்காரருக்கும், ஞாயிறுதோறும் எங்களுக்குத் தேத்தண்ணியும் வடையும் தந்து, அப்புறம் தானும் வந்திருந்து பூ பியர் என்ற கரடி எங்கே என்று தேடிய அம்மாவுக்கும் அன்பு.

கடைசிப் பக்கங்களில் இன்னும் ஓவியர் பெயர் கிடைக்காத கதைகள் இருக்கின்றன. பெரும்பாலும் பக்ஸ் பன்னி, போர்க்கி பிக் கதைகள். பார்க்ஸ் எம்ஜிஎம் நிறுவனத்தின் பார்னி பியரையும் வரைந்திருக்கிறார் என்பதால், அன்ரியின் தொகுதியிலுள்ள இரண்டு கரடிக் கதைகளைப் பற்றி ஐயாவுக்கும் மாமாவுக்கும் இன்னும் தர்க்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த வரிகளில் பெயருக்கான இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறோம். பட்டியலின் ஒரு பிரதி நானாவின் கடையில் இருக்கும். யாரும் கேட்டுப் பார்க்கலாம், பென்சிலும் அங்கேயே கட்டியிருக்கிறது. உங்கள் வீட்டில் ஏதாவது இருந்தால், கிழிந்திருந்தாலும் அட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எடுத்துக்கொண்டு ஞாயிறு பின்னேரம் வெள்ளவத்தைக்கு வாருங்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
பட்டியலை எழுதியவள்
கொழும்பு 6